ஓசூரிலிருந்து ஆக்லாந்துக்கு வழி சொன்னவள்

சென்ற மாதம் ஓசூர் பக்கத்துப் பேரிகை ஊரில் ஒரு புதுமனை புகுவிழா. சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போன இடத்தில் என் கொழுந்தன், நாலு பேர் காதில் விழும்படி, "டிக்கெட் போட்டுக் குடுக்கறதுல இன்னா அண்ணி பெரிய வேலை? என் பையன் போன்லயே ரெண்டு நிமிஷத்துல போட்டுர்றான்" என்றான். விசேஷ வீடு என்பதால் தப்பித்தான். அங்கே சொல்லாத பதிலை இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் பெருமை அடித்துக்கொள்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் விஜயலட்சுமி. ஓசூர் பேருந்து நிலையத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் உள்ள ஒரு பயண முகவர் அலுவலகத்தில் முப்பத்தோரு வருடம் விமான டிக்கெட் போட்டவள். ஓய்வு பெற்று ஆறு மாதம் ஆகிறது. கிருஷ்ணகிரியில் தட்டச்சு முடித்துவிட்டு, ஏதோ ஒரு வேலை என்று வந்து உட்கார்ந்தேன். அப்போது டிக்கெட் என்றால் கார்பன் ஒட்டிய நாலைந்து தாள்கள் கொண்ட சின்னப் புத்தகம். ஒரு எழுத்து பிசகினாலும் புத்தகம் முழுக்கப் பாழ். பிறகு கறுப்புத் திரையும் பச்சை எழுத்தும் வந்தன. ஊர்ப் பெயர்களெல்லாம் மூன்று மூன்று எழுத்தாகச் சுருங்கின. இரண்டு வருடத்தில் உலகத்தில் பாதி விமான நிலையங்களின் சுருக்கெழுத்து எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. நான் விமானத்தில் ஏறியதென்னவோ அதற்கு ஒன்பது வருடம் கழித்துத்தான்.

ஊர் சுற்றிப் பார்க்கப் போகிறவர்களுக்கு டிக்கெட் போடுவது சுலபம். ஒரு வாரத்தில் திரும்பி வந்துவிடுவார்கள். குடிபெயர்ந்து போகிறவர்கள் அப்படியில்லை. வேலையை விட்டிருப்பார்கள், வீட்டைக் காலி செய்திருப்பார்கள், பிள்ளைக்குப் பள்ளியில் மாற்றுச் சான்றிதழ் வாங்கியிருப்பார்கள். குடும்பம் மொத்தமும் மூன்று பெட்டிக்குள் இருக்கும். கையில் இருக்கும் பணத்துக்கு நேர் விமானம் கட்டுப்படியாகாது. இரண்டு ஊரில் இறங்கி மாறித்தான் போயாக வேண்டும். அந்த மாறும் இடத்தில் எதுவும் அறுந்துவிடாமல், அதே சமயம் விலையும் எகிறாமல் வழி கண்டுபிடிப்பதுதான் என் வேலை. விலையை யார் வேண்டுமானாலும் பார்த்துச் சொல்லலாம். வழிதான் விஷயம்.

இதை எனக்குப் புரியவைத்தவர் எங்கள் முதலாளி ஹனுமந்தப்பா சார். சொந்த ஊர் தளி. வாடிக்கையாளரிடம் தமிழ், வீட்டில் கன்னடம், கோபம் வந்தால் தெலுங்கு. ஆனால் கோபம் வந்து நான் பார்த்தது இரண்டே முறைதான். உள்ளே வருகிறவர் "என்ன ரேட்டு சார்?" என்று ஆரம்பித்தால் காதில் விழாத மாதிரி இருப்பார். பெட்டி எத்தனை, கூட வருவது யார், முழங்கால் வலி உண்டா, சர்க்கரைக்கு ஊசி போடுகிறாரா, இங்கிலீஷ் எவ்வளவு வரும் என்று கேட்பார். அதற்குப் பிறகுதான் பழைய காலண்டர் தாளைத் திருப்பி வைத்து வட்டம் வட்டமாகப் போடுவார். ஒரு வட்டம் ஒரு விமான நிலையம். ஒவ்வொரு வட்டத்திலும் பென்சிலை நிறுத்தி, "இறங்கியாச்சு. இப்ப எங்க போவீங்க?" என்பார். பதில் வரும்வரை பென்சில் அடுத்த வட்டத்துக்கு நகராது.

எனக்கு அது வெட்டி வேலையாகத் தோன்றியது. வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வருடம் என் கெட்டிக்காரத்தனத்தைக் காட்டினேன். சூளகிரியிலிருந்து வளைகுடாவுக்கு டிரைவர் வேலைக்குப் போன ஒருவருக்கு, மும்பையில் விமானம் மாற ஒன்றே முக்கால் மணி நேரம் கொடுத்து, மற்ற யாரும் கொடுக்க முடியாத விலைக்கு டிக்கெட் போட்டேன். உள்நாட்டு விமானம் ஒரு கட்டடத்தில் இறங்கும், வெளிநாட்டு விமானம் ரோட்டைச் சுற்றிப் போய் வேறு கட்டடத்தில் ஏற வேண்டும் என்பது எனக்குத் தெரியாது. மனுஷன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடியும் விமானம் போய்விட்டது. வேறு டிக்கெட் சார் செலவில் போட்டு அனுப்பினார்.

மறுநாள் திட்டு விழும் என்று கண்ணீரைத் தயாராக வைத்துக்கொண்டு போனேன். சார் இரண்டு பெரிய பெட்டிகளில் பழைய டிக்கெட் கட்டுகளைத் திணித்து வைத்திருந்தார். "ஏளம்மா விஜயா, போலாம்" என்றார். ஏளு என்றால் கன்னடத்தில் எழுந்திரு. டவுன் பஸ்ஸில் அத்திப்பள்ளி. அங்கே இறங்கி எல்லை தாண்டிக் கர்நாடக பஸ். பெங்களூரு மெஜஸ்டிக்கில் இறங்கியதும் பெட்டிகளை என் கையில் கொடுத்துவிட்டு, "ரயில்வே ஸ்டேஷன்ல பத்தாவது பிளாட்பாரம். நான் அங்க இருப்பேன். கடியாரம் பார்த்துக்கோ" என்று சொல்லிவிட்டுப் போயே போய்விட்டார். சேலை தடுக்க, கை எரிய, இரண்டு முறை வழி தவறி நான் போய்ச் சேர நாற்பத்திரண்டு நிமிடம் ஆனது. சார் பெஞ்சில் உட்கார்ந்து கடலை தின்றுகொண்டிருந்தார். "உனக்குத் தெரிஞ்ச ஊரு, தெரிஞ்ச பாஷை, போலீஸ் கேள்வி கேக்கல. அப்பவும் நாற்பத்திரண்டு. அவருக்கு நீ எத்தனை நிமிஷம் குடுத்தே?" என்று கேட்டார். அவ்வளவுதான். எனக்கும் கடலை வாங்கிக் கொடுத்தார். அன்றைக்குப் பிறகு, மாறும் இடத்தை மனசுக்குள் ஒருமுறை நடந்து பார்க்காமல் நான் ஒரு டிக்கெட்டும் அச்சடித்ததில்லை.

சார் காலமான பிறகு அவர் மகன் அலுவலகத்தை எடுத்து நடத்தினார். நாற்காலி மாறியது, குளிர்சாதனம் வந்தது. வட்டம் போடும் வேலையை மட்டும் நான் விடவில்லை. செவ்வாயும் புதனும் விலை குறைவு, ஆனால் எங்கள் ஊர் மாமியார்களுக்குச் செவ்வாய் ஆகாது. "செவ்வாய் ராத்திரி பன்னிரண்டு தாண்டித்தாம்மா விமானம் ஏறுது, அது புதன்" என்று சொல்லியே எத்தனை குடும்பங்களை மலிவு விலையில் அனுப்பியிருக்கிறேன்! வீட்டை விட்டுக் கிளம்புவது செவ்வாய்தானே என்று திருப்பிக் கேட்ட ஒரே ஆள் என் சொந்த மாமியார்தான்.

இனி நான் எழுத உட்கார்ந்த விஷயம். அது என் கடைசி வருடத்தில் நடந்தது.

ஒரு திங்கட்கிழமை காலை குமரேசன் என்பவர் மனைவியுடன் உள்ளே வந்தார். சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையின் டூல் ரூமில் பதினான்கு வருடம் வேலை பார்த்தவர். சொந்த ஊர் விருதுநகர் பக்கம். மனைவி செல்வி பேரிகைக்காரி, பூ விவசாயக் குடும்பம். ஆறு வயதில் ஒரு பையன். நியூசிலாந்தில் ஆக்லாந்து நகரத்தில் குமரேசனுக்கு வேலை கிடைத்து, மூன்று பேருக்கும் விசா வந்திருந்தது. அவர் டிக்கெட் வாங்க வரவில்லை. டிக்கெட்டைப் போனிலேயே போட்டுவிட்டார். "பிரிண்ட் மட்டும் எடுத்துக் குடுத்துருங்கக்கா" என்றார்.

பக்கம் பத்து ரூபாய் வாங்கிக்கொண்டு எடுத்துக் கொடுத்திருக்கலாம். கை சும்மா இருக்கவில்லை, படித்தேன். இரண்டு தனித்தனி டிக்கெட். வெள்ளிக்கிழமை காலை பெங்களூரிலிருந்து கோலாலம்பூர் ஒன்று. அன்று மாலை கோலாலம்பூரிலிருந்து சிட்னி வழியாக ஆக்லாந்து இன்னொன்று. ஒரே டிக்கெட்டாக எடுப்பதைவிட நன்றாகவே மலிவு.

"ஏன் தம்பி ரெண்டாப் பிரிச்சீங்க?"

"அத்திப்பள்ளில எறங்கி அந்தப் பக்கம் பஸ் மாறுறோம்ல, அதே கணக்குத்தான்க்கா. நேரா போற பஸ்ஸுக்கு எதுக்கு காசு குடுக்கணும்?"

எங்கள் ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் இந்தப் புத்தி உண்டு, எனக்கும் உண்டு. தமிழ்நாட்டு பஸ்ஸில் எல்லை வரை போய், இறங்கி நடந்து, அந்தப் பக்கத்து நகரப் பேருந்தில் ஏறினால் காசு மிச்சம். குமரேசன் குடியிருந்தது எல்லைக்கு அந்தப் பக்கம், வேலை இந்தப் பக்கம். தினமும் எல்லையைத் தாண்டுகிறவருக்கு எல்லை என்பது ஒரு வேகத்தடை மாதிரிதான்.

கோலாலம்பூரைப் பொறுத்தவரை அவர் கணக்கு சரி. அப்போது இந்தியர்கள் விசா இல்லாமலே மலேசியாவுக்குள் போகலாம். வருகைப் படிவத்தை மட்டும் முன்கூட்டியே இணையத்தில் நிரப்ப வேண்டும். வெளியே வந்து, பெட்டியை எடுத்து, அடுத்த விமானத்துக்கு மறுபடி போடலாம். நான் காலண்டர் தாளில் வட்டம் போட்டேன். பென்சில் சிட்னியில் நின்றது.

"இங்க எங்க போவீங்க?"

"எங்கயும் போகலக்கா. பிளேன் ஒன்றரை மணி நேரம் நிக்கும், அம்புட்டுத்தான். நாங்க வெளியவே வரப் போறதில்ல. பஸ்ஸு டீக்கு நிக்கிற மாதிரி."

"டீ குடிக்க எறங்காட்டியும் அனுமதி வேணும் தம்பி. நம்ம பாஸ்போர்ட்டுக்கு ஆஸ்திரேலியாவுல கால் வைக்காம தாண்டிப் போறதுக்கும் தனியா ஒரு விசா உண்டு. வாங்கினீங்களா?"

குமரேசன் என்னைப் பார்த்தார், பிறகு செல்வியைப் பார்த்தார். அவர் வாங்கவில்லை. இப்படி ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது. போன் அதைக் கேட்கவும் இல்லை.

"என்னக்கா இப்பிடிச் சொல்றீக" என்றார். அதன் பிறகுதான் விசாக் கடிதத்தை எடுத்து நீட்டினார். அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமைக்குள் நியூசிலாந்தில் முதல் முறை நுழைந்தாக வேண்டும் என்று அதில் இருந்தது. நுழையாவிட்டால் விசா காலாவதி. வேலையை ராஜினாமா செய்தாகிவிட்டது. வீட்டுக்காரர் வேறு ஆளுக்கு வாடகை பேசிவிட்டார். அந்த விசாவைத் தவிர அவர்களிடம் வேறு எதுவும் மிச்சமில்லை.

ஆஸ்திரேலிய அனுமதிக்கு அங்கேயே உட்கார வைத்து மனுப் போட்டோம். கட்டணம் கிடையாது. ஆனால் வெள்ளிக்குள் பதில் வரும் என்று யாரும் எழுதித் தர மாட்டார்கள். அதை நம்பி ஒரு குடும்பத்தை விமான நிலையத்துக்கு அனுப்ப நான் தயாராக இல்லை. முதல் டிக்கெட்டை அப்படியே வைத்துக்கொண்டு இரண்டாவதை மட்டும் மாற்றலாம் என்று பார்த்தேன். கோலாலம்பூரிலிருந்து நேராக ஆக்லாந்து போகும் விமானம் உண்டு. சனிக்கிழமை விமானத்தில் இடமே இல்லை. வெள்ளி மாலை விமானத்தில் இருந்தது, இரண்டே இடம்.

"அவரு மட்டும் போவட்டும் அக்கா" என்றாள் செல்வி. அவள் வந்ததிலிருந்து பேசிய முதல் வார்த்தை அதுதான். "நானும் புள்ளையும் எங்கம்மா வூட்டுல இருந்துக்கறோம்."

"உங்க விசாவுலயும் அதே ஞாயித்துக்கிழமைதான் போட்டிருக்கு. போனா மூணு பேரும்" என்றேன். கொஞ்சம் அதட்டலாகத்தான் சொன்னேன். அந்தப் பெண் எல்லாவற்றையும் விட்டுக்கொடுக்கத் தயாராக இருந்தது எனக்குப் பொறுக்கவில்லை.

இருந்த இரண்டு இடத்தையும் உடனே பிடித்து நிறுத்தினேன். மூன்றாவது இடத்துக்குப் போனில் தட்டிப் பார்க்கிறவர்களுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். எந்த விமானத்திலும் சில இடங்கள் என்னைப் போன்ற முகவர்கள் பணம் கட்டாமல் பிடித்து வைத்திருப்பவை. அதற்கு ஒரு கெடு உண்டு. கெடு தாண்டினால் அந்த இடம் தானாகத் திரும்பி வந்து, சில நிமிடம் திரையில் நிற்கும். யார் முதலில் பார்க்கிறார்களோ அவர்களுக்கு. நாலைந்து நாள் முன்னால் இப்படி இடம் உதிர்வது வழக்கம். எந்த நேரத்தில் என்று சொல்ல முடியாது. ஆகவே உட்கார வேண்டும்.

உட்கார்ந்தேன். திங்கள் முழுக்க, செவ்வாய் முழுக்க, அந்த ஒரே கட்டளையைத் தட்டிக்கொண்டே இருந்தேன். மற்ற வாடிக்கையாளர்களைப் பக்கத்து மேசைப் பெண்கள் பார்த்துக்கொண்டார்கள். முதலாளி மகன் வந்து நின்று பார்த்துவிட்டு, என் மேசையில் ஒரு காபியை வைத்துவிட்டுப் போனார். அப்பாவின் மகன்தான் என்று அன்றைக்கு ஒத்துக்கொண்டேன். புதன் காலை பதினொன்றரை மணி இருக்கும், திரையில் 0 என்று இருந்த எண் 1 ஆனது. விரல் பிசகவில்லை. மூன்று இடமும் ஒரே பதிவில் உறுதி. செல்வி வீட்டில் சாமந்தி விற்ற பணம் அந்த வாரம்தான் வந்திருந்தது, கட்டிவிட்டார்கள். சிட்னி வழி டிக்கெட் போனது போனதுதான். அப்படியும், எல்லாவற்றையும் புதிதாக வாங்குவதில் பாதிச் செலவில் வழி முடிந்தது.

வழி முடிந்தது, நடை முடியவில்லை. முதல் விமானம் இறங்குவது இரண்டாம் முனையம். அடுத்தது ஏறுவது முதலாம் முனையம். நடுவில் ரயில். கையில் நாலே கால் மணி நேரம். இரண்டும் தனித்தனி டிக்கெட் என்பதால், தாமதமானால் இரண்டாவது நிறுவனத்துக்குப் பொறுப்பு கிடையாது.

வியாழக்கிழமை மூவரையும் பெட்டிகளோடு வரச் சொன்னேன். அலுவலகத்தின் கதவு விமான வாசல். என் மேசை குடியேற்ற அதிகாரி. தண்ணீர் கேன் இருந்த மூலை பெட்டி வரும் இடம். ஜெராக்ஸ் இயந்திரத்துக்கும் சுவருக்கும் நடுவில் ரயில். பக்கத்து ரீசார்ஜ் கடைதான் முதலாம் முனையம். கடைக்காரர் பாஷா அண்ணன் ரொம்ப உற்சாகமாக, "பாஸ்போர்ட் பிளீஸ்!" என்று அதட்டினார். பையன் சிரித்துச் சிரித்து விழுந்தான். பெட்டியில் என்ன இருக்கிறது என்று செல்வியிடம் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொன்னேன். அம்மா கொடுத்த ஊறுகாயும் பருப்புப் பொடியும் வெளியே வந்தன. "கொண்டு போறது தப்பில்லம்மா, அங்க இறங்கும்போது குடுக்கற படிவத்துல சொல்லாம கொண்டு போறதுதான் தப்பு. பச்சை இலைய அங்க விட மாட்டாங்க, கறிவேப்பிலை மட்டும் இங்கயே வெச்சுடு" என்றேன். அந்தக் கறிவேப்பிலையில் எங்கள் வீட்டில் மூன்று நாள் ரசம் மணத்தது.

இரண்டு முறை குடும்பமாக நடந்தார்கள். மூன்றாவது முறை குமரேசனை நாற்காலியில் உட்கார வைத்தேன்.

"இப்ப செல்வி மட்டும், பையனோட."

"எதுக்குக்கா? நான் கூடவே இருப்பேன்ல?"

"இருப்பீங்க தம்பி. ஒருவேளை இல்லன்னா?"

செல்வி பையன் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "அக்கா, நான் எங்கூரு பஸ்ஸத் தவிர எதுலயும் தனியா ஏறுனதில்ல" என்றாள். "இது பஸ் இல்ல, ஜெராக்ஸ் மெஷின். ஏறு" என்றேன். நடந்தாள். தண்ணீர் கேனை மறந்துவிட்டு நேராக ரயிலுக்குப் போனாள். திரும்ப நடக்க வைத்தேன். ஐந்தாவது தடவை பாஷா அண்ணன் கேட்பதற்கு முன்பே பாஸ்போர்ட்டை நீட்டினாள்.

வெள்ளிக்கிழமை பெங்களூரிலேயே விமானம் ஒன்றே முக்கால் மணி நேரம் தாமதம். நாலே கால் இரண்டரை ஆகிவிட்டது. அதில் கடைசி ஒரு மணி நேரம் கணக்கில் சேராது, கவுண்டர் மூடிவிடும். நான் ஓசூரில் என் மேசையில் உட்கார்ந்து, விமானம் எங்கே பறக்கிறது என்று காட்டும் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மதியம் சாப்பிடவில்லை.

நம் நேரம் நாலேகால் மணிக்குப் போன் வந்தது. செல்வி. பின்னால் ஒரே இரைச்சல்.

"அக்கா, என்னையும் புள்ளையையும் விட்டுட்டாங்க. அவர மட்டும் ஒரு ரூமாண்ட உக்கார வெச்சுட்டாங்க. திரும்பிப் போற டிக்கெட் எங்கன்னு கேக்கறாங்களாம். இன்னாக்கா பண்றது?"

"அவருகிட்ட ஆக்லாந்து டிக்கெட் பிரிண்ட் இருக்கா?"

"இருக்குது."

"அப்ப காட்டிட்டு வந்துருவாரு. நீ எங்க நிக்கற?"

"தண்ணி கேனாண்ட" என்றாள்.

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. "பெட்டிய எடு. அவருக்காக நிக்காத. நட" என்றேன். வைத்துவிட்டாள். அதன் பிறகு போன் வரவில்லை. அவள் போனுக்கு நான் அடித்தால் மணியே போகவில்லை. ஒரு பெண்ணைக் கணவனை விட்டுவிட்டு நடக்கச் சொல்லிவிட்டோமே என்று என்னை நானே எவ்வளவு திட்டிக்கொண்டேன் என்பது எனக்குத்தான் தெரியும். ஆனால் அவள் நடக்காவிட்டால் மூன்று பேருடைய வழியும் அங்கேயே முடிந்துவிடும் என்பதும் தெரியும். பாஷா அண்ணன் இரண்டு முறை எட்டிப் பார்த்து, "போயிருப்பாங்கம்மா" என்றார். அலுவலகத்தைப் பூட்டும்வரை ஒரு செய்தியும் இல்லை.

சனிக்கிழமை காலை எழுந்து போனைப் பார்த்தால் ஆக்லாந்திலிருந்து செல்வியின் குரல் பதிவு வந்திருந்தது. கவுண்டர் மூட இருபது நிமிடம் இருக்கும்போது அவள் பெட்டிகளோடும் பையனோடும் போய் நின்றிருக்கிறாள். மூன்று பாஸ்போர்ட்டில் இரண்டுதான் கையில். கணவர் பின்னால் வருகிறார் என்று தனக்குத் தெரிந்த நாலு இங்கிலீஷ் வார்த்தையில் சொல்லி, இடத்தை விட்டு அசையாமல் நின்றிருக்கிறாள். குமரேசன் ரயிலிலிருந்து ஓடி வந்து சேர்ந்தபோது, ஏழு நிமிடம் பாக்கி. கடைசியில் அவள் சொன்னது இது: "அக்கா, இங்க உள்ள விட்டுட்டாங்க. மூணு பேரையும்."

நிறைய சொல்லியிருக்கலாம். வாழ்த்தியிருக்கலாம். முப்பத்தோரு வருடப் பழக்கம், என் வாயில் வந்தது, "பெட்டி மூணும் வந்துச்சாம்மா?" என்பதுதான்.

உடனே பதில் வந்தது. "வந்துச்சுக்கா. நான்தான் எடுத்தேன்."